விழா எடுப்போருக்கு ஓர் அச்சகக்காரனின் திறந்த மடல்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் எழுத்தாளர்களுக்கும் கலைஞர்களுக்கும் நினைவு விழா எடுக்கும் சங்கங்கள், மன்றங்கள், வாசகர் வட்டங்கள் அனைத்துக்கும்,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்களில் பல பேரை எனக்கு நல்லாகத் தெரியும். அழைப்பிதழ் அடிக்க, பெனர் எடுக்க, விழா மலர் போட என்று வருவீர்கள். கல்முனைப் பக்கத்தில் அச்சக வேலை செய்பவன் நான். உங்கள் விழாக்களைப் பற்றி இரண்டொரு விஷயம் சொல்ல வேண்டுமென்று நெடுநாளாக மனதில் கிடந்தது. கடையில் வைத்துச் சொன்னால், வேலை நேரத்தில் இவனுக்கு என்ன இலக்கியம் என்று நினைப்பீர்கள். அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் செய்வது சின்ன வேலை இல்லை. கைக்காசு போட்டு, மண்டபம் பிடித்து, வாடகைக் கதிரை இறக்கி, வராத பேச்சாளரை ரெலிபோனில் துரத்தி, கடைசியில் மிச்சமான ரோல்ஸை எண்ணிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்கள் நீங்கள். உங்களைப் போன்றவர்கள் இல்லாவிட்டால் இந்தப் பெயர்களை எங்கள் பிள்ளைகள் பரீட்சைத் தாளில் மட்டும்தான் கண்டிருப்பார்கள். உங்கள் அன்பைப் பற்றி எனக்கு ஒரு முறைப்பாடும் இல்லை. அந்த அன்பு போய்ச் சேரும் இடத்தைப் பற்றித்தான் பேச்சு.

ஓர் அழைப்பிதழ் எப்படி உருவாகிறது என்பதை நான் கிட்ட நின்று பார்க்கிறவன். பாமினி எழுத்துருவில் ரைப் பண்ணிய தாள் ஒன்று வரும். மேலே சங்கத்தின் பெயர். அதற்குக் கீழே அமரர் இன்னாரின் நினைவு விழா. பிறகு பிரதம அதிதி, கௌரவ அதிதிகள், விசேட அதிதிகள், சிறப்பு அதிதிகள். முதல் புரூவ் கொடுத்ததும் திருத்தம் தொடங்கும். பிரதம அதிதியின் பெயர் இன்னும் கொஞ்சம் பெரிதாக வர வேண்டும். அவருடைய பதவி உடையாமல் ஒரே வரியில் நிற்க வேண்டும். விசேட அதிதி ஒருவர் சிறப்பு அதிதிகளுக்குள் போய்விட்டார், பிரச்சினை வரும், மேலே தூக்குங்கள். சரி, தூக்கியாயிற்று, இப்போது இடம் போதாது. எதைச் சுருக்கலாம்? எழுத்தாளரின் பெயரைச் சுருக்கலாம். அவர் வந்து சண்டை பிடிக்க மாட்டார். அவருடைய படம் இணையத்தில் எடுத்த முத்திரை அளவுப் படம். பெருப்பித்தால் மூக்கு எது வாய் எது என்று தெரியாது. “பரவாயில்லை, ஓரமாகப் போடுங்கோ.”

நிகழ்ச்சி நிரல் எனக்கு மனப்பாடம். மங்கள விளக்கேற்றல், மௌன அஞ்சலி, வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, வாழ்த்துரை, சிறப்புரை, நயவுரை, பொன்னாடை போர்த்தல், அதிதிகள் உரை, நன்றியுரை. ஒரு பின்னேரம் முழுவதும் போய்விடும். இதற்குள் அந்த மனிதர் எழுதிய ஒரு பக்கத்தை யாராவது எழுந்து வாசிப்பதற்கு ஓர் இடம் எங்கே இருக்கிறது? ஒரு கவிஞரைப் பற்றி அரை மணித்தியாலத்துக்கு மேல் பேசிய ஒருவர் அவருடைய ஒரு வரியைக்கூடச் சொல்லாமல் இறங்கியதைப் பார்த்திருக்கிறேன். எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தவர் மெல்லக் கேட்டார்: “எல்லாம் சரி, ஆள் என்னதான் எழுதின மனிசன்?”

விழா மலரைப் பற்றி நான் வாய் திறந்தால் என் தொழிலுக்குத்தான் நட்டம். ஆனாலும் சொல்கிறேன். முன்பாதி முழுக்க வாழ்த்துச் செய்திகள். பெயரையும் பதவியையும் மாற்றினால் எந்த வாழ்த்தும் எந்த மலருக்கும் பொருந்தும். ஒருமுறை இரண்டு வாழ்த்துகளின் படங்கள் மாறிப்போயும் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. படைப்பாளியின் ஒரு கதையோ கவிதையோ உள்ளே இருக்கிறதா என்று பார்த்தால், பல மலர்களில் கிடையாது.

எங்கள் கூத்தைப் பாருங்கள். இந்த மாவட்டங்களில் ஆடப்படும் வடமோடி, தென்மோடிக் கூத்துகளில் எத்தனைக்கு எழுதியவர் பெயர் நிச்சயமாகத் தெரியும்? பலவற்றுக்குத் தெரியாது. அவர்களுக்குச் சிலையும் இல்லை, ஆண்டு விழாவும் இல்லை. கூத்து மட்டும் இருக்கிறது. கூத்துப் பழக்கும் அண்ணாவியார் கொப்பியைக் கையில் எடுத்து, ஆட்களைத் தெரிந்து, அவரவர் பாட்டெழுதிய சட்டங் கொடுத்து, மாதக்கணக்கில் பழக்கி, சதங்கை அணிந்து, ஒத்திகையாக அடுக்குப் பார்த்து, அரங்கேற்றி, அதற்குப் பிறகும் வீட்டுக்கு வீடு போய் ஆடுவார்கள். ஒரு தலைமுறை ஆடாமல் விட்டிருந்தால் கூத்துப் போயிருக்கும். நிலைத்து நின்ற படைப்பு என்று மேடைகளில் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். யாரோ கால் நோக ஆடியபடியால்தான் அது நின்றது.

இனி எனக்குப் பிடித்தவர்களுக்கு வருகிறேன். அமிர்தகழி என்றால் எல்லாருக்கும் மாமாங்கேஸ்வரர் கோயிலும் ஆடி அமாவாசைத் தீர்த்தமும்தான் நினைவு வரும். எனக்கு பாலு மகேந்திராவும் வருவார். 1939இல் அமிர்தகழியில் பிறந்து, புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்து, 2014 பெப்ரவரியில் சென்னையில் கண்மூடியவர். “எங்கட ஊர்ப் பிள்ளை” என்று பேசும்போது எல்லாருக்கும் நெஞ்சு நிமிரும். அவருடைய எந்தப் படத்தை இங்கே நாலு பேர் சேர்ந்திருந்து பார்த்தோம் என்று கேட்டால் பதில் வராது. பெயர் தெரிந்தவர்களிலும் பெரும்பாலானோர் ‘மூன்றாம் பிறை’யின் கடைசிக் காட்சியோடு நின்றுவிடுகிறார்கள். அந்த ரயில் நிலையக் காட்சியில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நடுவில் வரும் கவர்ச்சிப் பாட்டை வெட்டி எடுத்தால் படத்துக்கு ஒரு நட்டமும் இல்லை என்பது என் கட்சி. விருப்பமானவர் என்பதற்காக எல்லாவற்றையும் விழுங்க வேண்டுமா என்ன?

நான் சொல்ல வந்த படம் ‘வீடு’. 1988இல் வந்தது. திரைக்கதை, ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, இயக்கம் எல்லாம் அவரே. பாட்டு ஒன்றுகூட இல்லை. வாடகை வீட்டைக் காலி பண்ணச் சொல்கிறார்கள். வேலைக்குப் போகும் சுதா, தாத்தாவையும் தங்கையையும் வைத்துக்கொண்டு, இருக்கும் காணியில் சின்னதாக ஒரு வீடு கட்டத் துணிகிறாள். அவ்வளவுதான் கதை. கடன், பிளானுக்குக் கையெழுத்து வாங்கக் கொடுக்கும் கைக்கூலி, சீமெந்தைக் களவாக விற்கும் கொந்தராத்துக்காரன், மழை. பாதியில் நிற்கும் சுவரைப் பார்க்கத் தாத்தா தனியாகப் புறப்பட்டுப் போகிறார். நடிப்பது பழைய நாடகக்காரர் சொக்கலிங்க பாகவதர். பூசாத சுவரைக் கையால் தடவுகிறார், அறை அறையாக நடந்து பார்க்கிறார், ஒரு சின்னப் பிள்ளையின் சந்தோசம் அந்தக் கிழட்டு முகத்தில் வருகிறது. பேச்சே இல்லை, இளையராஜாவின் இசைதான். அந்தப் போக்கிலேயே அவர் கதை முடிந்துவிடுகிறது.

இதை எங்கள் வீட்டில் லப்டொப்பில் போட்டுப் பார்த்தபோது மாமி வந்து பாயில் இருந்தா. படம் மெதுவாகப் போகிறது, எழும்பிப் போய்விடுவா என்று நினைத்தேன். சீமெந்துக் களவு வெளிப்படும் இடத்தில் ஒரு அதட்டல்: “எங்கட மேசனும் இப்பிடித்தான் சொன்னவன், மணல் கூடப் போட்டாத்தான் இறுகுமாம்!” அதற்குப் பிறகு படம் முடியும் வரை அவ அசையவில்லை. கட்டி முடிகிற நேரத்தில், இந்தக் காணி அரசாங்கத்தின் தண்ணீர்ப் பகுதி எடுத்த காணி என்று ஒருவர் வந்து சொல்லும்போது, “காணி உறுதி எங்க, உறுதிய எடுத்துக் காட்டன் பிள்ள” என்று சுதாவுக்குச் சத்தமாகச் சொன்னா. பாலு மகேந்திராவின் பெயர் மாமிக்கு அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது.

சென்னையில் எடுத்த படம் கிழக்கில் ஒரு மாமிக்கு ஏன் இப்படித் தைக்கிறது? எங்கள் பக்கத்தில், தமிழரானாலும் முஸ்லிம்களானாலும், வீடு என்பது பெண்ணின் பேரில் வருவது. மகளுக்கு வீடு கட்டிவிட்டுத்தான் கலியாணப் பேச்சு. மாப்பிள்ளை வந்து அந்த வீட்டில் இருப்பார். அதற்காகக் கடலுக்குப் போனவர்கள், வயல் வட்டைக்குப் போனவர்கள், மத்திய கிழக்கில் பத்துப் பதினைந்து வருடம் அடுப்படியில் நின்ற பெண்கள் எத்தனை பேர். அதற்கு மேல் 2004 சுனாமி. அதற்கு மேல் யுத்தம். பிறகு வந்த இந்திய வீட்டுத்திட்டத்தில் வீடொன்றுக்கு 550,000 ரூபா, அதுவும் கட்டம் கட்டமாக. அத்திவாரம் போட்டால் ஒரு காசு, சுவர் எழும்பினால் ஒரு காசு. அதிகாரி வந்து பார்க்கும் வரை மழையில் நனைந்துகொண்டு நிற்கும் சுவர்கள். சுதாவின் கதையை எங்கள் ஊர்ப் பெண்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அவர்கள் எங்களுக்கு விளக்குவார்கள். தன் தாய் வீடு கட்டியபோது பட்ட பாடு பற்றிய சிறுவயது நினைவில் இருந்துதான் இந்தப் படம் பிறந்தது என்று பாலு மகேந்திராவே சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் அந்தச் சுவரின் முதல் கல் இங்கேதான் வைக்கப்பட்டது. அதை இங்கே கொண்டுவந்து காட்டுவதற்கு இதைவிட வேறு என்ன நியாயம் வேண்டும்?

நெஞ்சைக் குடையும் விஷயம் ஒன்றும் உண்டு. தன் முக்கியமான சில படங்களின் நெகட்டிவ்கள் கெட்டுப் போனதைக் கடைசிக் காலத்தில் அவர் திரும்பத் திரும்பச் சொல்லி வருந்தினார். தமிழ்ப் படங்களைக் காக்க ஒரு காப்பகம் வேண்டுமென்று கேட்டுக்கொண்டே இருந்தார். தேசிய விருது வாங்கிய படத்துக்கே இந்தக் கதி. நாங்கள் நினைக்கிறோம், நல்ல படைப்பு காலத்தை வென்றுவிடும் என்று. பெட்டிக்குள் இருக்கும் பிலிம், வெக்கைக்கும் ஈரத்துக்கும் கெட்டுப்போகிற ஒரு சாமான். புத்தகமும் அப்படித்தான். கறையான் தின்ற பிறகு மறுபதிப்புக்கு மூலம் தேடி என்னிடம் வந்தவர்கள் உண்டு.

எழுத்துக்கும் படத்துக்கும் இடையில் ஒரு கொடுக்கல் வாங்கல் இருப்பதையும் விழாக்களில் பார்க்க முடிவதில்லை. எழுத்தாளர் விழா ஒரு பக்கம், சினிமா என்றால் இலக்கியக்காரருக்குக் கொஞ்சம் இளக்காரம். இயக்குநர் மகேந்திரன் ‘உதிரிப்பூக்கள்’ எடுத்தது 1979இல். புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யில் ஒரு விதையை எடுத்து வேறு மரமாக வளர்த்தார். அதற்கு முதல் வருடம் அவர் எடுத்த ‘முள்ளும் மலரும்’ உமாசந்திரனின் நாவலில் இருந்து வந்தது. அதற்குக் கமரா பிடித்தவர் எங்கள் அமிர்தகழிக்காரர். பாலு மகேந்திரா பின்னாளில் ‘கதை நேரம்’ என்று தமிழ்ச் சிறுகதைகளைத் தொலைக்காட்சிக்கு வாராவாரம் குறும்படமாக்கித் தந்தார். ஓர் எழுத்தாளனுக்கு இதைவிடப் பெரிய பொன்னாடை யார் போர்த்த முடியும்?

அடுத்தது கவிஞர் நீலாவணன். பெரியநீலாவணையில் 1931இல் பிறந்து 1975இல் போய்விட்டார். ஐம்பதைத் தொடாத வாழ்க்கை. ‘வழி’ என்ற கவிதைத் தொகுதி 1976இல் வந்தது, ‘வேளாண்மை’ என்ற காவியம் 1982இல். இரண்டையும் அவர் கண்ணால் காணவில்லை. அச்சுத் தொழிலில் இருப்பவனுக்கு இது சாதாரணச் செய்தி இல்லை. யாரோ கையெழுத்துப் பிரதிகளைப் பொறுக்கி, ஒழுங்குபடுத்தி, புரூவ் பார்த்து, காசு தேடி அச்சேற்றியிருக்கிறார்கள். அவர்கள் அன்றைக்கு அந்தக் காசில் ஒரு படத்திறப்பு விழா வைத்திருந்தால் இன்றைக்கு எங்கள் கையில் ஒரு படம் இருக்கும், ‘வேளாண்மை’ இருக்காது.

‘வேளாண்மை’ என் மேசையில் எப்போதும் கிடக்கும் புத்தகம். போடியார், முல்லைக்காரர், வட்டை, வாடி, சூடு, களவெட்டி, பொலி என்று எங்கள் வயல்காரர் வாயில் புழங்கிய உலகம் அது. இப்போது மெசின் வந்து ஒரு பகலில் வெட்டித் தூற்றி மூட்டையாக்கிவிட்டுப் போகிறது. சூடு வைப்பதும் இல்லை, மாடு வளைப்பதும் இல்லை. அந்த வேலை போனால் போகட்டும், முதுகு முறிகிற வேலை அது. அந்தச் சொற்களோடு வளர்ந்த ஒரு கிழவர் முன்னால், நீலாவணனின் இரண்டு பக்கத்தை ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை சத்தமாக வாசித்தால் என்ன நடக்கும் என்று ஒருமுறை செய்து பாருங்கள். பிள்ளை பிழையாகச் சொன்ன சொல்லைக் கிழவர் திருத்துவார். அங்கேயே ஒரு வகுப்பு நடந்துவிடும், வளவாளர் தேவையில்லை.

நீலாவணனை நினைக்கும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பெரியநீலாவணைக்கு அடுத்தது மருதமுனை, அதற்கடுத்தது பாண்டிருப்பு, பிறகு கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு. ஒரு தமிழ் ஊர், ஒரு முஸ்லிம் ஊர் என்று மாறி மாறி வரும் கரை. அந்தக் காலத்தில் நீலாவணனைச் சுற்றி இந்த ஊர்களின் இளைஞர்கள் எல்லாரும் கூடினார்கள். நுஃமான், மருதூர்க்கொத்தன், மருதூர்க்கனி, சண்முகம் சிவலிங்கம் என்று ஒரு வரிசையே அப்படித்தான் வந்தது. கவிதை எந்த ஊர் எல்லையிலும் இறங்கி அனுமதி கேட்கவில்லை. இன்றைக்கு உங்கள் அழைப்பிதழ்களை அடுக்கி வைத்துப் பார்த்தால், தமிழ் எழுத்தாளருக்குத் தமிழ்ச் சங்கம், முஸ்லிம் எழுத்தாளருக்கு முஸ்லிம் மன்றம். மற்றப் பக்கத்தில் இருந்து ஒருவர் வருவார், “இன நல்லுறவு” பற்றிப் பேசிவிட்டுப் போவார். நல்லுறவைப் பற்றி ஒருவரும் பேசாமலே அதைச் செய்து காட்டியவர்களின் பெயரில் எடுக்கும் விழா இது என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பாகவும் இருக்கும், கவலையாகவும் இருக்கும்.

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ‘புத்தரின் படுகொலை’யை எழுதியவர் கல்முனைக்குடியில் பிறந்த எம்.ஏ. நுஃமான். சிவில் உடையில் வந்த அரச காவலர் புத்தரையே சுட்டுக் கொன்று, நூலகத்துப் புத்தகங்களால் மூடி எரிக்கிறார்கள் என்று போகும் கவிதை. வாசிக்க ஐந்து நிமிடம் ஆகாது. ஒவ்வொரு ஜூன் மாதமும் அந்த எரிப்பைப் பற்றிக் கூட்டம் வைக்கிறீர்கள். ஐந்து நிமிடத்தை இதற்குக் கொடுத்தால் மீதிப் பேச்சுகளில் பாதிக்கு வேலை இருக்காது. அவரும் அ. யேசுராசாவும் தொகுத்து 1984இல் வந்த ‘பதினொரு ஈழத்துக் கவிஞர்கள்’ என்னும் நூலையும் உங்கள் உறுப்பினர்களில் எத்தனை பேர் கையில் எடுத்துப் பார்த்திருப்பீர்கள்?

உமா வரதராஜனின் ‘அரசனின் வருகை’ உங்கள் செயற்குழுக் கூட்டத்தில் ஒரு முறை வாசிக்கப்பட வேண்டிய கதை. சிதைந்து கிடக்கும் ஒரு நகரம் அரசனின் வருகையை எதிர்பார்த்து நிற்கும் கதை அது. யுத்த காலத்துக்கு எழுதியதுதான், மறுக்கவில்லை. இருந்தாலும் பிரதம அதிதி வரப் பிந்துகிறார் என்று மண்டப வாசலில் மாலையோடு நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கதை நினைவு வந்து தொலைக்கும். நல்ல கதை என்றால் இப்படித்தான். எழுதியவர் நினைத்திராத இடத்திலும் வந்து நிற்கும்.

இருக்கிறவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சோலைக்கிளியின் ‘காகம் கலைத்த கனவு’, எஸ்.எல்.எம். ஹனிபாவின் ‘மக்கத்துச் சால்வை’, அனாரின் கவிதைகள் எல்லாம் நாங்கள் பார்த்திருக்க இந்த மண்ணில் எழுதப்பட்டவை. உயிரோடு இருக்கும் எழுத்தாளரை மேடைக்கு அழைத்தால் ஒரு சால்வையைப் போட்டு இருத்திவிடுகிறோம். படம் எடுத்ததும் அவர் வேலை முடிந்தது. உங்கள் கதையில் ஒரு பக்கம் வாசியுங்கள் என்று கேட்டால் அவர் முகம் எப்படி மாறும் என்று பாருங்கள்.

விபுலானந்த அடிகளை விட்டுவிட்டுப் போக முடியாது, காரைதீவார் கோபிப்பார்கள். 1892இல் காரைதீவில் பிறந்தவர். 1947 ஜூனில் ‘யாழ்நூல்’ அரங்கேறியது, அடுத்த மாதம் அவர் மறைந்தார். கல்லடி உப்போடையில் சமாதி இருக்கிறது. சிலைகளுக்கும் குறைவில்லை. ‘வெள்ளைநிற மல்லிகையோ’ எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். அது போதும் என்று நாங்கள் முடித்துக்கொண்டோம். எனக்கு அவரில் பிடித்தது 1926இல் வந்த ‘மதங்க சூளாமணி’. தனக்குப் பிடித்த ஓர் எழுத்தாளனை எப்படிக் கொண்டாடுவது என்பதற்கு அதைவிட நல்ல பாடம் எங்களுக்குக் கிடையாது. செகசிற்பியார் (ஷேக்ஸ்பியருக்கு அடிகள் வைத்த தமிழ்ப் பெயர்) மகாகவி, உலகம் போற்றும் மேதை என்று வாழ்த்துச் செய்தி எழுதிவிட்டு அவர் போகவில்லை. நாடகங்களைக் கையில் எடுத்து, கதையைச் சொல்லி, முக்கியமான பகுதிகளைத் தமிழில் செய்யுளாக்கி, எங்கள் நாடக இலக்கணத்தோடு வைத்துப் பார்த்து, “இந்தா, வாசித்துப் பார்” என்று எங்கள் முன்னால் வைத்தார். அடிகளுக்கு எடுக்கும் விழாவை அடிகள் செய்த மாதிரி எடுத்தால் என்ன?

சரி, என்ன செய்யச் சொல்கிறாய் என்பீர்கள்.

விழாவை நிறுத்தச் சொல்லவில்லை. அதிதிகள் வரட்டும், அவர்கள் வந்தால்தான் மண்டபம் கிடைக்கும் என்பதும் எனக்குத் தெரியும். ஒரே ஒரு மாற்றம் போதும். விளக்கேற்றியதும், யாரும் ஒலிவாங்கியைப் பிடிக்க முதல், அந்தப் படைப்பாளியின் ஒரு முழுக் கதை அல்லது சில கவிதைகள் வாசிக்கப்பட வேண்டும். துண்டு துண்டாக வேண்டாம், முழுசாக. நன்றாக வாசிக்கத் தெரிந்த ஒரு பிள்ளையைப் பிடியுங்கள். வானொலி நாடகத்துக் குரல் தேவையில்லை. பிறகு பேச வருகிறவர், சபை இப்போதுதான் கேட்ட அந்தக் கதையைப் பற்றித்தான் பேசியாக வேண்டியிருக்கும். வாசிக்காமல் வந்தவர் தானாகவே சுருக்கமாக முடிப்பார். இதுவே பெரிய லாபம்.

திரைப்படக்காரருக்கு எடுத்தால் படத்தைப் போடுங்கள், முழுப் படம். பகலில் யன்னல் திறந்திருக்கும் மண்டபத்தில் போட்டால் சுவர்தான் தெரியும். பொழுதுபட்ட பிறகு வையுங்கள். சத்தம் முக்கியம். கோயில் திருவிழாவுக்குக் கட்டும் பெட்டியைக் கட்டினால் வசனம் ஒன்றும் விளங்காது. ‘வீடு’ படத்தைப் போடுவதாக இருந்தால் சிறப்புரைக்கு ஆள் தேட வேண்டாம். படம் முடிந்ததும் வெளிச்சத்தைப் போட்டு, வீடு கட்டிய பெண்கள் யாராவது பேசுகிறீர்களா என்று கேளுங்கள். முதலில் சிரிப்பார்கள், பிறகு நிறுத்த முடியாது.

விழா மலருக்குப் பதிலாக ஒரு சின்னப் புத்தகம் போடுங்கள். ஒரு பெரிய தாளை இரண்டு பக்கமும் அடித்து மடித்தால் 16 பக்கம் வரும், நடுவில் இரண்டு பின் அடித்தால் புத்தகம். ஒரு சிறுகதைக்கு அது தாராளம். ஒரு பெரிய பெனருக்குக் கொடுக்கும் காசைக் கொண்டு தொடங்கலாம். பெனர் அடுத்த கிழமை மாட்டுக் கொட்டிலுக்குக் கூரையாகிவிடும், நானே பார்த்திருக்கிறேன். மூலம் கிடைக்காவிட்டால் ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில் தேடுங்கள். 2005இல் தொடங்கி ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் எண்ணிமப்படுத்திக்கொண்டு வருகிறார்கள். எங்கள் வீடுகளில் கறையான் தின்ற பல புத்தகங்களை நான் அங்கேதான் திரும்பக் கண்டேன். உங்களிடம் பழைய இதழ்கள் கிடந்தால் அவர்களுக்குக் கொடுத்து உதவுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். எழுதியவர் இறந்துவிட்டார், இனி யாரைக் கேட்பது என்று அச்சடிக்கத் தாளைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுத்தாளர் இறந்து 70 வருடங்களுக்கு உரிமை குடும்பத்தாரிடம் இருக்கும். விபுலானந்தருக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது. நீலாவணனுக்கு 2045 முடியும் வரை உண்டு. குடும்பத்தாரிடம் போய்க் கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள், தேத்தண்ணியும் தருவார்கள், சில வேளை அச்சில் வராத கையெழுத்துப் பிரதி ஒன்றும் அலுமாரியில் இருந்து வெளியே வரும். படங்களுக்கும் அதே கதைதான். யூரியூப்பில் கிடக்கிறது என்பது அனுமதி ஆகாது. தயாரிப்பாளர் தரப்புக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். பணம் வாங்கும் நிகழ்ச்சி இல்லை, இந்த ஊரில், இந்த நோக்கத்துக்கு என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

இப்படி ஒரு 16 பக்கப் புத்தகத்தோடு வரும் எந்தச் சங்கத்துக்கும் பக்க வடிவமைப்பை நான் காசு வாங்காமல் செய்து தருகிறேன். தாளும் மையும் உங்கள் செலவு. புரூவை இரண்டு பேர் பார்க்க வேண்டும், அதில் ஒருவர் கதையை முன்னமே வாசித்தவராக இருந்தால் நல்லது. அட்டையில் எழுத்தாளரின் பெயர் மட்டும்தான் வரும், வெளியிடுவோரின் பெயர் பின்னட்டையில். மூலப் பிரதியைக் கையோடு கொண்டுவாருங்கள். வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பாதீர்கள், ‘ண’வும் ‘ன’வும் பிடிபடாது.

இப்படிக்கு,
உங்கள் அழைப்பிதழ்களை அடிப்பவன்